ஊரிலிருந்து ரவுட்டர் தூக்கி வராதீர்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை தண்டையார்பேட்டைக்கு வருகிறவர்களுக்கு விசா, சிம், வாடகை ஒப்பந்தம் பற்றியெல்லாம் யாராவது சொல்லிவிடுவார்கள். வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தை வீட்டுக்காரர் இணையத்தில் ஏற்றினாரா என்று மட்டும் நச்சரித்துக் கேளுங்கள். என் எரிச்சல் வேறு.

ஊரில் பாவித்த ரவுட்டரைச் சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். இங்கே நெட்காரத் தம்பி மொட்டைமாடியிலிருந்து ஃபைபர் ஒயரை இறக்கி, ஹாலில் வெள்ளைப் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். அதுவும் ஒரு ரவுட்டர்தான். உள்ளறைக்கு வைஃபை எட்டவில்லை. வெள்ளைப் பெட்டியிலிருந்து ஒயர் இழுத்து, என் பெட்டியில் வெளியிலிருந்து நெட் வருவதற்கான, ‘வேன்’ என்று எழுதிய துளையில் சொருகினேன். நெட் பறந்தது. பெருமையோடு பிரிண்டரையும் அதற்கு மாற்றினேன். அதுவரை ஒழுங்காக அச்சடித்த பிரிண்டர், அன்றிலிருந்து ஹால் கம்ப்யூட்டரின் கண்ணில் படவில்லை. மெக்கானிக் இரண்டு தடவை வந்தார், இரண்டு தடவையும் 600 ரூபாய். ஒப்பந்தத்தைப் பிரிண்ட் எடுக்க எம்.சி. ரோட்டுக் கூட்டத்தில் இடிபட்டுக் கடை தேடினேன். பிரிண்டரில் ஒரு பழுதும் இல்லை.

இங்குள்ள ஒண்டுக்குடித்தன வீடுகளைப் பாருங்கள். தெருவுக்குத் தெரிவது ஒரே கதவு எண், உள்ளே ஏழெட்டு போர்ஷன். ரவுட்டரும் அப்படித்தான். அது கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் கொடுக்கிற, 192.168 என்று தொடங்கும் முகவரி எண்கள் உள்ளே மட்டும் செல்லுபடியாகும். 1994 முதலே எழுதப்பட்ட விதி அது. உள்ளிருந்து ஒரு கம்ப்யூட்டர் எதையாவது கேட்டால், ரவுட்டர் அதன்மேல் தன் முகவரியையும் போர்ட் எண் என்ற ஓர் அடையாள எண்ணையும் போட்டு அனுப்பும், கேட்டது யார் என்று கணக்கில் குறித்துக்கொள்ளும். பதில் வந்ததும் கணக்கைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும். கணக்கில் இல்லாதவர் வந்து தட்டினால் கதவு திறக்காது.

நான் செய்தது வீட்டுக்குள் வீடு கட்டி, இன்னொரு வீட்டுக்காரம்மாவைக் குடிவைத்தது. வெள்ளைப் பெட்டி 192.168.1 வரிசையில் எண் கொடுத்தது, என் பெட்டி 192.168.0 வரிசையில். உள்ளிருந்து வெளியே போவது இரண்டு கணக்கிலும் பதிந்து போனதால் நெட் ஓடியது. பிரிண்டர் என் பெட்டிக்கு உள்ளே. வெள்ளைப் பெட்டியோடு இணைந்திருந்த ஹால் கம்ப்யூட்டரோ என் பெட்டியின் வாசலுக்கு வெளியே நின்று தட்டிக்கொண்டிருந்தது.

ரவுட்டர் கொண்டுவந்தே தீருவேன் என்றால், செட்டிங்கில் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ (தனி வீடு கட்டாமல் வைஃபையை மட்டும் பரப்பும் முறை) இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அதைப் போட்டால் வேலை முடிந்தது. என்னுடைய பழசில் இல்லை. அதற்கு, வெள்ளைப் பெட்டி யாருக்கும் கொடுக்காத 192.168.1 வரிசை எண் ஒன்றைப் போட்டு, எண் கொடுக்கும் வேலையான டி.எச்.சி.பி.யை என் பெட்டியில் அணைத்து, அப்புறம்தான் ஒயரை வேன் துளையிலிருந்து வீட்டுக் கருவிகளைச் சொருகும் லேன் துளைக்கு மாற்றினேன். அணைக்காமல் மாற்றினால் இரண்டு வீட்டுக்காரம்மாக்களும் ஆளுக்கொரு போர்ஷனைக் காட்டுவார்கள். என் பெட்டியிடம் எண் வாங்கியவருக்கு நெட்டும் போய்விடும்.

இரவு பத்து மணிக்கு ஒயரை மாற்றினேன். தேங்கிக் கிடந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது, அதே ஒப்பந்தம் பதினொரு தடவை. சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த வீட்டுக்கார அக்கா கேட்டார்: “இன்னாம்மா, மொத்தத் தெருவையும் வாடகைக்கு எடுக்குறியா?”