சிசேரியன் தியேட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: சிஎம்இ-க்குப் போய் வந்தவர்களுக்கும்

ஐந்து வருஷத்தில் 30 மணி நேரம் சிஎம்இ-யில், அதாவது டாக்டர்களுக்கான தொடர்கல்விக் கூட்டத்தில், உட்கார வேண்டும் என்று 2002-ல் வந்த மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன. அந்த மணிக்கணக்கைச் சேர்ப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை, ஹோட்டல் ஹால், வாசலில் கையெழுத்து, ஒரு பை, ஒரு பேனா, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பாதி நாற்காலி காலி. நானும் அப்படிக் கிளம்பி வந்தவன்தான், அதனால் யாரையும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் பிரசவ மயக்க மருந்தைப் பற்றியும் பச்சிளம் குழந்தையைப் பற்றியும் அங்கே பேசுவதில் முக்கால்வாசி நமக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். தெரிந்தும், ராத்திரி இரண்டு மணிக்கு எமர்ஜென்சி சிசேரியன் வந்தால் கை அதன் பழைய பழக்கத்துக்கே போய்விடுகிறது. இங்கே எழுதுவது அந்தப் பழக்கங்களைப் பற்றித்தான். என்னைப் போன்ற மயக்க மருந்து டாக்டர்கள், மேற்படிப்பு படிக்கிற பிஜி-க்கள், தியேட்டர் சிஸ்டர்கள் எல்லாருக்கும்.

முதல் தவறு ஹாலிலேயே நடந்துவிடுகிறது. குழந்தை டாக்டர் மேடை ஏறியதும் நாம் காபி குடிக்க எழுந்துவிடுகிறோம், "அது அவங்க சப்ஜெக்ட்" என்று. பெரிய ஆஸ்பத்திரியில் அது செல்லும். சின்ன நர்சிங் ஹோமில் குழந்தை டாக்டர் இன்னும் வண்டியில் வந்துகொண்டிருக்கிறார், வெளியே எடுத்த குழந்தை அழவில்லை, அப்போது அறையில் இருக்கிற எல்லாரும் திரும்பிப் பார்ப்பது தலைமாட்டில் நிற்கிற நம்மைத்தான், ஏனென்றால் மூச்சு கொடுக்க மாஸ்க் பிடிக்கத் தெரிந்த ஆள் நாம். அம்மாவை விட்டுவிட்டுக் குழந்தையிடம் ஓடுவது ஆபத்து, ஓடாமல் நிற்பதும் ஆபத்து. இந்தச் சிக்கலை அந்த நிமிஷத்தில் தீர்க்க முடியாது. ஸ்பைனல் (முதுகில் போடுகிற மரப்பு ஊசி) போடுவதற்கு முன்பே "குழந்தையை யார் வாங்குறாங்க?" என்று ஒரு கேள்வி கேட்டு, குழந்தையை மட்டுமே பார்க்க ஒரு ஆளை நிறுத்த வேண்டும். அவர் சிஸ்டராக இருந்தாலும் சரி, பயிற்சி பெற்றவராக இருந்தால் போதும்.

இன்னொன்று, பிறந்த குழந்தையின் நிலையை மதிப்பெண்ணாகப் போடுகிற அப்கார் ஸ்கோரைக் கொடுத்த வர்ஜீனியா அப்காரே ஒரு மயக்க மருந்து டாக்டர்தான். 1952-ல் கூட்டத்தில் சொன்னார், 1953-ல் அச்சில் வந்தது. நம் ஆள் போட்ட கணக்கு அது, 'அவங்க சப்ஜெக்ட்' என்று எப்படிச் சொல்வது? ஆனால் அவர் பெயரைச் சொல்லியே ஒரு தவறும் நடக்கிறது: ஒரு நிமிஷ அப்கார் பார்த்துவிட்டு என்ன செய்யலாம் என்று முடிவெடுப்பது. அந்த ஒரு நிமிஷம் முடிவதற்குள் மூச்சு கொடுக்க ஆரம்பித்திருக்க வேண்டும். ஸ்கோர் என்பது குழந்தை எப்படி இருந்தது என்று எழுதி வைக்க.

அந்த முதல் நிமிஷத்தை நாம் எதில் செலவழிக்கிறோம் என்று கவனித்துப் பாருங்கள். சக்ஷன், அதாவது குழாய் விட்டு உறிஞ்சுவது. பனிக்குடத் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் வாய், மூக்கு, மறுபடி வாய் என்று குழாயை விட்டுக்கொண்டே இருப்போம். தொண்டையின் பின்புறம் குழாய் இடித்தால் குழந்தையின் இதயத் துடிப்பு இன்னும் குறையும். குழந்தை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்திருந்தால் உடனே மூச்சுக்குழாயில் டியூப் போட்டு உறிஞ்ச வேண்டும் என்று நாங்கள் படித்தோம். துவண்டு பிறந்த குழந்தைக்குக் கூட அதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று 2015-லேயே மாற்றிவிட்டார்கள், இன்னும் சில இடங்களில் அது போகவில்லை. அடுத்தது, மூச்சே விடாத குழந்தையின் முகத்துக்கு நேராக ஆக்சிஜன் குழாயைக் காட்டிக்கொண்டு நிற்பது. மூச்சு இழுக்காதவன் மூக்கருகே எதைக் காட்டி என்ன?

துடை, சூடு கொடு, தலையைச் சரியாக வை, முதுகைத் தேய். அப்படியும் மூச்சு இல்லை, அல்லது துடிப்பு 100-க்குக் கீழே என்றால் மாஸ்க். நிமிஷத்துக்கு 40 முதல் 60 மூச்சு. மாதம் நிறைந்த குழந்தைக்குச் சாதாரண அறைக் காற்றிலேயே ஆரம்பிக்கலாம், 100 சதவீத ஆக்சிஜன் தேவையில்லை. குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு ஒரு நிமிஷத்தில் 60-65 சதவீதமும், ஐந்து நிமிஷத்தில் 80-85 சதவீதமும் இருப்பது இயல்புதான் (அளக்கும் கருவியை வலது கையில் மாட்டிப் பார்க்க வேண்டும், காலில் இல்லை). பெரியவர்களின் 98-ஐப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த 65 பதற்றத்தைக் கொடுக்கும், உடனே ஆக்சிஜனைத் திருகுவோம்.

சரி, மாஸ்க் வைத்தாயிற்று. இங்கேதான் எங்களுக்கு ஒரு கர்வம் உண்டு, நாள் முழுக்க மாஸ்க் பிடிக்கிறோம் அல்லவா. பயிற்சிப் பொம்மையில் என்னை ஒருமுறை செய்யச் சொன்னார்கள், பேகை அழுத்தினேன், நெஞ்சு எழும்பவே இல்லை. பெரியவர்களுக்குச் செய்கிற மாதிரி கழுத்தை நன்றாகப் பின்னுக்கு மடக்கியிருந்தேன். பச்சிளம் குழந்தைக்குப் பின்னந்தலை பெரிது, மூச்சுக்குழாய் மெத்தென்றது, அளவுக்கு மீறி மடக்கினாலும் அடைக்கும், முன்னுக்குக் குனிந்தாலும் அடைக்கும். தோளுக்கு அடியில் துணியை ஒரு இன்ச் உயரத்துக்கு மடித்து வைத்ததும் அதே அழுத்தத்தில் நெஞ்சு எழுந்தது. மாஸ்க் கண்ணை மூடினால் அளவு பெரிது, கன்னத்தில் காற்று ஒழுகினால் பிடி சரியில்லை. நெஞ்சு எழும்பவில்லை என்றால் மாஸ்க்கை எடுத்து மறுபடி வை, தலையைச் சரி செய், வாயையும் மூக்கையும் ஒருமுறை சுத்தம் செய், வாயைத் திற, அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டு, அதற்கும் மசியாவிட்டால் டியூப். இதையெல்லாம் தாண்டிக் குதித்து நேராக நெஞ்சை அமுக்க ஆரம்பிப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. நெஞ்சு எழும்புகிற மாதிரி 30 விநாடி மூச்சு கொடுத்த பிறகும் துடிப்பு 60-க்குக் கீழே இருந்தால்தான் அமுக்க வேண்டும், மூன்று அமுக்கலுக்கு ஒரு மூச்சு. பெரும்பாலான குழந்தைகள் அதுவரை போகவே போகாது, மூச்சு ஒழுங்காகப் போனாலே துடிப்பு ஏறிவிடும்.

ஏசி விஷயம் சண்டை வருகிற விஷயம். கவுன் போட்ட சர்ஜனுக்கு வியர்க்கிறது என்று 19-ல் வைப்பார்கள். பிரசவ அறை குறைந்தது 25 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. குழந்தையின் உடம்பு 36.5-க்கும் 37.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். குழந்தைக்குச் சூடு கொடுக்கிற வார்மரை அது வந்த பிறகு ஆன் செய்வதும், துடைத்த ஈரத்துணியிலேயே சுற்றி வைப்பதும் தினமும் நடக்கிறது. நன்றாக அழுகிற குழந்தையின் தொப்புள்கொடியை உடனே வெட்டுவதும் அப்படித்தான், ஒரு நிமிஷம் பொறுத்தால் என்ன.

இனி அம்மா பக்கம். ஸ்பைனல் போட்டுப் படுக்க வைத்ததும் வலது இடுப்புக்கு அடியில் ஒரு துணிச் சுருளை வைத்து இடப்பக்கம் சரிக்க வேண்டும், இல்லாவிட்டால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தும். தெரியாதவர் யாரும் இல்லை. ஆனால் சுருள் எங்கே? தேடுவதற்குள் சர்ஜன் வயிற்றில் கிருமிநாசினியைப் பெயின்ட் அடித்துவிடுவார். பி.பி. கஃப் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை என்று போன கேஸின் செட்டிங்கிலேயே ஓடும், குழந்தை வெளியே வரும்வரை அது ஒரு நிமிஷத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும். "வயித்தைப் பிரட்டுது டாக்டர்" என்று அந்த அம்மா சொல்வார், நாம் வாந்திக்கு ஊசி எடுப்போம். அந்தப் பிரட்டல் பல நேரம் பி.பி. விழுவதன் முதல் அறிகுறி, கஃப் காட்டுவதற்கு முன்பே அவர் காட்டிவிடுகிறார். விழட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் ஸ்பைனல் போட்டதும் பி.பி.-யை ஏற்றுகிற ஃபினைல்எஃப்ரின் ஆரம்பித்து, முதலில் எடுத்த பி.பி.-யில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் பிடிக்க வேண்டும் என்பதுதான் 2018 சர்வதேசப் பரிந்துரை. அதே வேலைக்கான பழைய மருந்து எபிட்ரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டும். நாடியும் பி.பி.-யும் சேர்ந்து குறைந்தால் அதற்கு இடம் உண்டு, பழக்கத்துக்காக எடுக்க வேண்டாம்.

மரத்துவிட்டதா என்று பார்ப்பதில் நாம் படு அலட்சியம். "காலைத் தூக்குங்கம்மா" என்போம், தூக்க முடியாது, சரி என்று சர்ஜனுக்குத் தலையாட்டுவோம். கால் அசையாமல் இருப்பதற்கும் வயிறு மரத்திருப்பதற்கும் சம்பந்தம் குறைவு. இரண்டு பக்கமும் மார்புக்காம்புக்குச் சற்றுக் கீழ் வரை லேசாகத் தொட்டால் தெரியாமல் இருக்க வேண்டும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஜில்லிப்பு பார்ப்பதோடு நிறுத்தாமல் தொட்டும் பாருங்கள், பார்த்ததை எழுதுங்கள். வெட்டிய பிறகு "வலிக்குது" என்று சொன்னால் "அது வலி இல்லைம்மா, இழுக்கிற மாதிரிதான் இருக்கும்" என்று பதில் சொல்வது நமக்கு மனப்பாடம். வலிக்கிறது என்று அவர் சொன்னால் வலிக்கிறதுதான். சர்ஜனை நிறுத்தச் சொல்லி மருந்து கொடுங்கள், போதாவிட்டால் முழு மயக்கம் தரலாமா என்று அந்த அம்மாவிடமே கேளுங்கள். முழு மயக்கத்திலும் நம் பயம் வேறு மாதிரி வேலை செய்யும், குழந்தைக்கு மயக்கம் ஏறிவிடும் என்று மருந்தைக் குறைப்போம். 2014-ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில் முழு மயக்கத்தில் சிசேரியன் செய்தவர்களில் சுமார் 670 பேருக்கு ஒருவர் நடுவில் நினைவு வந்ததாகச் சொல்லியிருந்தார். எல்லா ஆபரேஷனையும் சேர்த்தால் சுமார் 19,000-க்கு ஒருவர்.

குழந்தை வந்ததும், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிற ஆக்ஸிடோசின் 10 யூனிட்டை ஒரே தள்ளாகத் தள்ளுவதும் ஒழிய வேண்டிய பழக்கம். பி.பி. சரியும், நாடி எகிறும், ஏற்கெனவே ரத்தம் போன அம்மா தாங்க மாட்டார். திட்டமிட்ட சிசேரியனுக்கு 1 யூனிட், பிரசவ வலி வந்து நடந்ததற்கு 3 யூனிட் மெதுவாக, அப்புறம் டிரிப்பில் என்பது 2019 பரிந்துரை.

இவ்வளவு எழுதிவிட்டு டிராலியைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஸ்பைனலுக்கான ஹெவி புபிவகைன் ஆம்ப்யூலும், ரத்தப்போக்கை நிறுத்த ரத்தக்குழாயில் போடுகிற டிரனெக்ஸாமிக் ஆசிட் ஆம்ப்யூலும் ஒரே தட்டில் கிடக்கும், சில கம்பெனியுடையது பார்க்க ஒரே மாதிரி இருக்கும். டிரனெக்ஸாமிக் ஆசிட் முதுகில் போனால் கடுமையான வலி, வலிப்பு, இதயத் துடிப்பு தாறுமாறாவது, அப்படி ஆனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைக்கவில்லை. 2022-ல் உலக சுகாதார நிறுவனமே தனியாக எச்சரிக்கை விட்டது. ஸ்பைனல் டிராலியில் அந்த ஆம்ப்யூல் இருக்கவே கூடாது, வேறு அலமாரி, முடிந்தால் வேறு அறை. சிஸ்டர் உடைத்து நீட்டுவதை அப்படியே உறிஞ்சாமல் லேபிளை இருவரும் வாய்விட்டுப் படிக்க ஐந்து விநாடி போதும். அவசரத்தில் கூச்சப்பட்டுக்கொண்டு விட்டுவிடுகிறோம்.

கடைசியாகக் கற்றுக்கொள்வதைப் பற்றி. வருஷத்துக்கு ஒரு தடவை ஒர்க்‌ஷாப்பில் பொம்மையைத் தொட்டுவிட்டு வந்தால் அந்தக் கைப்பழக்கம் சில மாதத்தில் போய்விடும். அதுவும் டாக்டர் மட்டும் போய் வருவார், மாஸ்க்கை எடுத்துக் கொடுக்க வேண்டிய சிஸ்டரும் தியேட்டர் அசிஸ்டன்டும் வார்டில் இருப்பார்கள். அதற்குப் பதிலாக மாதம் ஒருமுறை, கேஸ் இல்லாத மதியத்தில், உங்கள் தியேட்டரில், உங்கள் வார்மரில், உங்கள் ஆட்களோடு பத்து நிமிஷம் போதும். ஒருவர் கடிகாரத்தைப் பிடிக்க, துணியைச் சுருட்டிக் குழந்தை என்று வைத்துக்கொண்டு, "அழவில்லை" என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் முதல் தடவை இப்படிச் செய்தபோது குழந்தை மாஸ்க் கைக்கு வர நாலு நிமிஷம் ஆனது. அது அலமாரியில் பத்திரமாகப் பூட்டி இருந்தது, சாவி வைத்திருந்த சிஸ்டருக்கு அன்றைக்கு லீவு.