சிறு பசுமைக் குடிலில் மிளகாய், கத்தரி நாற்று வளர்ப்பவர்களுக்கு

பிரிட்டனில் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு, நான்கு அடுக்குத் தட்டுகளின் மேல் பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி ஜிப்பால் மூடும் சிறு பசுமைக் குடில் பெரிதும் உதவும். ஆனால் அது மிளகாய், கத்தரி விதைகளை முளைக்க வைப்பதற்கான இடம் அன்று. இவ்விதைகள் நன்கு முளைக்க 20 முதல் 25 டிகிரி வெப்பம் வேண்டியிருப்பதால், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வீட்டுக்குள்ளேயே முளைக்கவிட்டு, மே மாதத் தொடக்கத்தில் நாற்றுகளைக் குடிலுக்கு மாற்றுவதே நல்லது.

குளிருக்கு அஞ்சுவோர் பலரும் வெயிலை மறந்துவிடுகிறார்கள். வெளியே 15 டிகிரியே இருந்தாலும், நேர் வெயில் படும்போது மூடிய உறைக்குள் வெப்பம் 30 டிகிரியையும் தாண்டிவிடும் என்பதால், காலையில் ஜிப்பைத் திறந்து, வெயில் தாழும் நேரத்தில் மூட வேண்டும். காற்றோட்டம் இருந்தால், இளந்தண்டை அடியில் அழுகச் செய்யும் நாற்றழுகல் நோயும் குறையும். சூடேற்றும் வசதி இல்லாத இக்குடில் உறைபனியை முழுவதும் தடுக்காது; இரவு வெப்பநிலை 5 டிகிரியை நெருங்கும் என்று தெரிந்தால் நாற்றுகளை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.

எடை குறைந்த குடில் காற்றில் எளிதில் கவிழும். அடித்தட்டில் செங்கற்களை அடுக்கி, சட்டத்தைச் சுவரோடு சேர்த்துக் கயிற்றால் கட்டுங்கள். இதைச் செய்யத் தவறியதால், ஒரே இரவில் 20 கத்தரி நாற்றுகளை இழந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஜூன் தொடக்கத்தில் மண்ணில் நடுவதற்கு முன், 7 முதல் 10 நாள்கள் நாற்றுகளைப் பகலில் வெளியே வைத்துப் பழக்குங்கள்.