நவம்பரில் பாரிஸ்: உப்புவெளியிலிருந்து ஒரு செலவுக் கணக்கு

திருகோணமலைக்குப் பக்கத்தில், உப்புவெளியில் நான்கு அறைகளை வாடகைக்கு விடுகிறேன். வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் அவற்றைப் பாதி விலைக்கும் கொடுப்பேன். பாரிஸ் விடுதிகளும் நவம்பரில் விலையை இறக்குகின்றன. மாதத் தொடக்கத்தில் அங்கே பாடசாலை விடுமுறை. அது கழிந்தபின் போங்கள்.

வீசாதான் பெரிய வேலை. பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் வீசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். கடைசி 15 நாள் வரை இழுக்கக்கூடாது. கட்டணம் 90 யூரோ, மறுத்தாலும் திரும்பக் கிடைக்காது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். வங்கிக் கூற்றில் உங்கள் பெயரை எழுத்தெழுத்தாகக் கடவுச்சீட்டோடு ஒப்பிடுங்கள். என் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்தது. அதற்காகவே இரண்டாம் முறை இரவு பஸ்ஸில் கொழும்பு போனேன். வீசா கைக்கு வரும்வரை, ரத்துச் செய்தால் பணம் தராத அறையைப் பதியாதீர்கள்.

சமையலறை உள்ள அறையாகப் பாருங்கள். பாரிஸின் லாச்சப்பல் பகுதியில் நம் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அரிசி, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். நான் இரவில் சோறும் பருப்பும் சமைத்தேன், பகலில் பாணும் பாற்கட்டியும். மிச்சம் பிடித்த காசு மெட்ரோவுக்குப் போதுமானதாக இருந்தது.

கர்னவாலே அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிக்கு எப்போதும் கட்டணமில்லை. ஓர்சே அருங்காட்சியகம் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், முன்பதிவு கட்டாயம்.

மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும், காலையில் கிளம்புங்கள். தண்ணீர் புகாத சப்பாத்து வாங்குங்கள். அதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.