உயரமான முக்கோணச் சுவருக்கு மரச்சட்டம் அடிப்பது

இருபக்கமும் சரியும் கூரையின் முனையில், முகடு வரை எழும் முக்கோணச் சுவர் காற்றை நேர்முகமாக வாங்கும். உள்ளே தட்டையான உட்கூரை இல்லாமல் முகடு வரை திறந்த கூடம் என்றால், செங்குத்துச் சட்டம் ஒவ்வொன்றும் அடிச்சட்டத்திலிருந்து சாய்வான மேல்சட்டம் வரை ஒரே துண்டாக ஓட வேண்டும். பக்கச்சுவர் உயரத்தில் கிடைச்சட்டம் போட்டு முடித்து, முக்கோணத்தைத் தனியாகச் செய்து மேலே ஏற்றினால் வேலை எளிது. ஆனால் அந்த இணைப்பு கீல் மாதிரி மடங்கும். உட்கூரை இருந்தால் அது பிடித்துக்கொள்ளும். திறந்த கூடத்தில் பிடிக்க ஒன்றுமில்லை, கூடுதலாக ஆணி அடித்தும் பயனில்லை.

உயரம் இரட்டித்தால் சட்டத்தை வளைக்கும் விசை 4 மடங்காகும், வளைவோ 16 மடங்கு. 38×89 மி.மீ. சட்டத்துக்குப் பதில் 38×140 போட்டால் வலிமை ஏறக்குறைய 2.5 மடங்கு, விறைப்பு கிட்டத்தட்ட 4 மடங்கு கூடும். இடைவெளியை 600-லிருந்து 400 மி.மீ. ஆகக் குறைத்தால் கிடைப்பது ஒன்றரை மடங்குதான். அதனால் முதலில் சட்டத்தின் ஆழத்தைக் கூட்டுங்கள். மிக நீளமான இடங்களில் முறுக்காத எல்விஎல் (மெல்லிய மரத்தாள்களை ஒட்டிச் செய்த) சட்டமே நல்லது. முடிவான அளவை அந்த இடத்துக் காற்றின் வேகத்தை வைத்துப் பொறியாளர் கணக்கிட வேண்டும்.

தரையிலேயே நூல் அடித்து முழு அளவில் வரைந்துகொள்ளுங்கள். அகலம் 7200 மி.மீ., சாய்வு 12-க்கு 6 (கிடையாக 12 போனால் 6 உயர்வது) என்றால் பாதி அகலம் 3600, எழுச்சி 1800, சாய்வு நீளம் 4025 மி.மீ. 400 இடைவெளியில் அடுத்தடுத்த சட்டங்கள் 200 மி.மீ. வீதம் உயரும். சட்டத்தின் மேல்முனையைச் சரிவாக வெட்டும் கோணம் ஏறத்தாழ 26.5 பாகை. நீளத்தை எப்போதும் ஒரே விளிம்பில், உயர்ந்த முனையிலேயே அளக்க வேண்டும். ஒன்றை உயர்ந்த முனையிலும் அடுத்ததைத் தாழ்ந்த முனையிலும் அளந்தால் 19 மி.மீ. பிசகி, மேல்சட்டம் அலை அலையாக நிற்கும்.

சன்னல் வைக்கும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். சன்னலின் மேல் உத்திரத்தைச் சுவர் நெடுக ஓட்டி, பக்கச் சட்டங்களை அதில் முட்டி நிறுத்தினால் மறுபடியும் கீல்தான். பக்கச் சட்டங்கள் முழு உயரத்துக்கும் போக, உத்திரம் அவற்றுக்கு இடையில் உட்கார வேண்டும். சன்னலுக்காக வெட்டுப்பட்ட சட்டங்களின் காற்றுச்சுமையும் இவற்றின்மேல் வருவதால் இரண்டு, மூன்றாகச் சேர்த்து அடியுங்கள். முகட்டு உத்திரம் இந்தச் சுவரில் அமர்ந்தால், அதன் தூண் அத்திவாரம் வரை இடைவெளியின்றிச் சுமையை இறக்க வேண்டும்.

சட்டங்களுக்கிடையே 3 மீட்டருக்கு மிகாமல் குறுக்குக்கட்டை அடைத்தால் தீ மேலேறுவதும் சட்டம் முறுக்குவதும் தடைபடும்.

அடிமூலை இரண்டிலிருந்தும் முகட்டுக்கு அளவு ஒன்றானால், படுத்த நிலையிலேயே பிளைவுட்டை அடித்துவிடலாம். அடிச்சட்டம் வழுக்காதபடி தகட்டுப்பட்டையால் தரையோடு கட்டி, காற்றில்லாத வேளையில் தூக்குங்கள். கைமரங்களுக்கு இடையே கட்டை அடைத்து, கூரைப் பலகையோடு சுவரின் தலையைப் பிணைக்கும் வரை தற்காலிக முட்டுகளை எடுக்கக்கூடாது.