மலை உச்சித் துகள்கள்: பகலையும் இரவையும் பிரித்துப் பார்ப்பது எப்படி?

உயர்ந்த மலையின் உச்சியில் காற்று சுத்தமாகத்தான் இருக்கும் என்று நம்புகிறோம். இரவில் பெரும்பாலும் அது உண்மை. பிற்பகல் மூன்று மணிக்கு அதே இடத்தில் அளந்தால் கதையே வேறு. வெயில் ஏறி மலைச்சரிவு சூடானதும், பள்ளத்தாக்குக் காற்று கீழே இருக்கும் புகையையும் தூசியையும் அள்ளிக்கொண்டு மேலே வருகிறது. பொழுது சாய்ந்ததும் சரிவு குளிர்ந்து மலைக்காற்று கீழே இறங்க, உச்சியை உயரத்துக் காற்று சூழ்ந்துகொள்கிறது. ஆக, நகராமல் ஒரே இடத்தில் இருக்கும் கருவி இரண்டு வெவ்வேறு காற்றை அளக்கிறது. இதைப் பிரிக்காமல் நாள் முழுவதற்கும் சராசரி போட்டால், வரும் எண் இரண்டில் எதையும் சொல்லாது. பிரிப்பதற்கு எக்செல் போதும்.

படி 1: நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள்

சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக் (3,580 மீட்டர்), எவரெஸ்டுக்கு அருகே நேபாளத்தில் உள்ள பிரமிட் நிலையம் (5,079 மீட்டர்) இரண்டுமே நல்ல தொடக்கம். இங்கே பிரமிட்டை எடுத்துக்கொள்வோம். உலக வானிலை அமைப்பின் துகள் தரவுகள் ஈபாஸ் (EBAS) என்ற இணையத் தரவுத்தளத்தில் கிடைக்கின்றன. கரித்துகள், அதாவது எரிபொருள் அரைகுறையாக எரிந்து வரும் கருந்துகள், மணிக்கு ஒரு அளவாக உள்ள ஒரு வருடக் கோப்பைத் தேடி எடுங்கள்.

படி 2: கோப்பைத் திறந்து நேரத்தைச் சரிசெய்யுங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. நிதானமாகச் செய்யுங்கள்.

முதல் வரியில் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண், தலைப்புப் பகுதி எத்தனை வரி என்பதைச் சொல்கிறது. அத்தனை வரிகளைத் தாண்டினால்தான் அளவுகள் தொடங்கும். ஆனால் தாண்டுவதற்கு முன் ஏழாவது வரியில் உள்ள தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நெடுவரிசையில் 180.5 போன்ற எண்கள் தெரியும். அந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள் கழிந்தது என்று பொருள். தேதி ஜனவரி 1 என்றால், 180.5 என்பது சாதாரண ஆண்டில் ஜூன் 30 நண்பகல்.

அந்த நண்பகல் உலகப் பொதுநேரப்படி, நேபாள நேரப்படி அல்ல. நேபாளம் 5 மணி 45 நிமிடம் முன்னால் இருக்கிறது. அதனால் எல்லா நேரத்தோடும் 0.2396 நாளைக் கூட்டுங்கள். இதை விட்டுவிட்டால் பிற்பகல் 3:45-க்கு வரும் உச்சம் வரைபடத்தில் காலை 10 மணிக்கு நிற்கும். மலைச்சரிவு காலையிலேயே புகையை ஏற்றிவிட்டது என்று தவறான முடிவுக்கு வந்துவிடுவோம்.

கடைசியாக, கொடி (flag) நெடுவரிசையைப் பாருங்கள்; அளவு நம்பத்தக்கதா என்பதை இது குறிக்கிறது. அதில் 0 இருக்கும் வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடுங்கள். விடுபட்ட அளவுகளுக்கு 999 போன்ற எண்ணைப் போட்டிருப்பார்கள். ஒன்று தப்பினாலும் கணக்கு கெட்டுவிடும்.

படி 3: காற்று மெலிந்திருப்பதைக் கணக்கில் எடுங்கள்

உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, ஒரு கன மீட்டரில் இருக்கும் காற்றே குறைவு. உதாரணமாக, அழுத்தம் 650 ஹெக்டோபாஸ்கல், வெப்பநிலை மைனஸ் 8 டிகிரி செல்சியஸ் உள்ள இடத்தில் கன மீட்டருக்கு 100 நானோகிராம் அளந்தால், 1013.25 ஹெக்டோபாஸ்கல், 0 டிகிரி என்ற திட்ட நிலைக்கு அது சுமார் 151 நானோகிராம். இந்தத் திருத்தம் செய்யாமல் மலையையும் சமவெளியையும் ஒப்பிடாதீர்கள். கோப்பின் தலைப்பில் 273.15 கெல்வின், 1013.25 என்று இருந்தால் திருத்தம் ஏற்கனவே செய்தாயிற்று, மறுபடி செய்ய வேண்டாம்.

படி 4: மணிவாரியாக அடுக்குங்கள்

ஒவ்வொரு மாதத்துக்கும் 24 மணிகளாகப் பிரித்து, ஒவ்வொரு மணிக்கும் இடைநிலை அளவு (median), அதாவது எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதை, எடுங்கள். சராசரி வேண்டாம். பக்கத்தில் ஒரு டீசல் ஜெனரேட்டர் ஒரு மணிநேரம் ஓடினாலே சராசரி எகிறிவிடும், இடைநிலை அசையாது.

இப்போது கோட்டை வரையுங்கள். பருவமழைக்கு முந்தைய மாதங்களில், அதாவது மார்ச் முதல் மே வரை, விடியற்காலையில் தாழ்ந்து கிடக்கும் கோடு பிற்பகலில் மேடாக எழும். பிரமிட்டில் அந்தப் பருவத்தில் கரித்துகள் சராசரியாக 300 நானோகிராம் அளவில் இருந்தது, மழைக்காலத்தில் சுமார் 50-க்கு இறங்கியது. மழை துகள்களைக் கழுவிவிடுகிறது.

படி 5: இரவை மட்டும் தனியே எடுங்கள்

உள்ளூர் நேரம் அதிகாலை 2 முதல் 7 வரையிலான அளவுகளை ஒரு தாளில் சேருங்கள். உயரத்துக் காற்றுக்கு மிக நெருக்கமானது இதுதான். ஆனால் முழுவதும் நம்பிவிட முடியாது. பகலில் மேலே ஏறிய அழுக்கில் ஒரு பகுதி கீழே இறங்காமல் உச்சியை ஒட்டியே இரவு முழுக்கத் தங்கிவிடும். அதைப் பிடிக்க ஒரு எளிய வழி, காற்றிலுள்ள நீராவி. பள்ளத்தாக்கிலிருந்து வந்த காற்று ஈரம் மிகுந்தது. எனவே கரித்துகளும் நீராவியும் சேர்ந்து உயர்ந்திருக்கும் இரவுகளை ஒதுக்கிவையுங்கள்.

தூசி விஷயத்தில் இந்த வடிகட்டி உதவாது. சஹாரா பாலைவனத் தூசி ஆல்ப்ஸ் மலைக்கு உயரத்துக் காற்றிலேயே மிதந்து வருகிறது, இரவு பகல் பார்ப்பதில்லை. யுங்ஃப்ராவ்யோக் தரவில் நள்ளிரவிலும் அளவு இறங்காத நாட்களைக் கண்டால், அவற்றை அழித்துவிடாமல் தனித் தாளில் வையுங்கள்.