ஓடுவதற்கு முன்னாலேயே வலி மாத்திரையா?

மாரத்தான் நாளில் விடிகாலை பார்த்திருப்பீர்கள். கையில் பாதி வாழைப்பழம், கூடவே ஒரு காம்பிஃபிளாம். "முட்டி வலி வராம இருக்கட்டும்னுதான் சார்!" வலியே இல்லாதபோது எதற்கு மாத்திரை?

காம்பிஃபிளாமில் 400 மி.கி. இப்யூபுரூஃபனும் 325 மி.கி. பாராசிட்டமாலும் இருக்கின்றன. வில்லங்கம் இப்யூபுரூஃபனில்தான். வியர்த்துக் கொட்டி உடம்பில் நீர் குறையும்போது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடாமல் காப்பது உடம்பே உண்டாக்கிக்கொள்ளும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை வலியைக் குறைப்பதே அதன் உற்பத்தியைத் தடுத்துத்தான். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் 80 கி.மீ. ஓட்டக்காரர்களைப் பார்த்தார்கள். இப்யூபுரூஃபன் எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு தெரிந்தது. மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதம். நம்மூர் புழுக்கத்தில் நான் இந்தப் பரிசோதனைக்கு இறங்க மாட்டேன்.

வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றெரிச்சல், புண் வேறு. பிரஷர் மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

டோலோ 650 முழுக்கப் பாராசிட்டமால். காம்பிஃபிளாம் போட்ட கையோடு அதையும் போட்டால் ஒரே மருந்து இரண்டு முறை உள்ளே போகிறது, கல்லீரலுக்கு ஆகாது.

ஓடி முடித்த பிறகு வலித்தால்? தண்ணீர் குடித்து, சாப்பிட்டு, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் பாராசிட்டமால் போதும். சிறுநீர் கட்டஞ்சாயா (பால் விடாத டீ) நிறத்தில் போனால் மாத்திரை தேடாமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.