கிழட்டுக் குதிரைக்குக் கூழ், மட்டக்குதிரைக்குப் பயிற்சி: என் அனுபவம்

28 வயதான என் குதிரை விலா எலும்பு தெரிய மெலிந்தபோது தீவனத்தைக் கூட்டினேன். பயனில்லை. ஒருநாள் தொட்டியடியில் குனிந்து பார்த்தேன். பாதி மென்று துப்பிய புல், ஈரச் சுருட்டுகளாகக் கிடந்தது. பசி இருந்தது, அரைக்கத்தான் பல் இல்லை. குதிரையின் பல் தேயத் தேய ஈறிலிருந்து மேலெழுந்துகொண்டே இருக்கும்; முதுமையில் அந்த இருப்பு தீர்ந்துவிடுகிறது. மருத்துவர் வாயைத் திறந்து காட்டியபோது கடைவாய்ப் பற்கள் தேய்ந்து வழவழவென்று இருந்தன. எத்தனை நாள் பசியோடு நின்றானோ என்று நெஞ்சு கனத்தது.

அழுத்திய புல் கட்டிகளை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, தினம் 4 வேளை கொடுத்தேன். கட்டி முழுதும் உடையும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

அதே சமயம், அவனோடு வளரும் மட்டக்குதிரையை வண்டிக்குப் பழக்கிக்கொண்டிருந்தேன். அதை வெளியே கொண்டுபோனதும் கிழவன் வியர்த்துக் கனைப்பான், உண்ண மாட்டான். அந்தக் குரல் கேட்டு இதுவும் நின்றுவிடும். ஆகவே கூழ் வைக்கும் வேளையையே பயிற்சி வேளையாக்கினேன். லாயத்துக்கு எதிரிலேயே, நீண்ட வார்களைப் பிடித்துப் பின்னால் நடந்தபடி நில், நட, திரும்பு. 15 நிமிடம் போதும். பிறகு பழைய டயரை இழுக்கவிட்டேன். உராயும் சத்தத்துக்குக் காது பழக வேண்டுமல்லவா? நடக்கும் வட்டத்தை மெல்லமெல்லப் பெரிதாக்கினேன். வண்டியில் பூட்டியது அதன் பிறகே.

மூன்றாம் மாதம் விலாவில் சதை பிடித்தது. இப்போது வண்டி புறப்பட்டால், தாடையெல்லாம் கூழுடன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி தொட்டிக்குள் குனிந்துவிடுகிறான்.